ஒரே கடையில் மட்டும் செல்லும் காசு

சென்ற முறை மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைப் பழைய நாணயக் கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துப் போனார். அவர்கள் இருப்பது ஓஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரில். வீட்டிலேயே உட்கார்ந்து பேரனோடு கார்ட்டூன் பார்த்து அலுத்துப்போயிருந்த நான் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கணக்கெழுதியவனுக்குக் காசைப் பார்ப்பதென்றால் கசக்குமா?

அங்கே ஒரு மேசையில், கண்ணாடிக்கு அடியில், ஒரு சின்னப் பித்தளை வில்லை கிடந்தது. அவர்கள் ஊர் ஒரு சென்ட் காசு அளவுதான் இருக்கும். அரசு முத்திரை இல்லை, கழுகு இல்லை, யாருடைய தலையும் இல்லை. ஒரு பக்கம் ஒரு வியாபாரியின் பெயர், சட்லர் என்ற சொல், ஒரு ராணுவ ரெஜிமென்ட்டின் எண். மறுபக்கம், '25 சென்ட் பெறுமான சரக்குக்குச் செல்லும்' என்ற பொருளில் ஆங்கில எழுத்துகள். அவ்வளவுதான்.

விலை கேட்டேன். மனதுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மேசைக்காரர் நல்ல மனிதர். வாங்காதவன் என்று தெரிந்தும் பொறுமையாக விளக்கினார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணுவ முகாமில் கடை வைத்திருந்த வியாபாரி அடித்துக்கொண்ட சொந்தக் காசாம் அது. அந்த முகாமில், அந்தக் கடையில் மட்டும் செல்லும். கேட்டதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டு, "அந்தக் காலத்து கிஃப்ட் கார்டு, மாமா" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கடைசிச் சொற்கள், 'சரக்குக்குச் செல்லும்' என்பது, எனக்கு வேறு ஒன்றை நினைவுபடுத்திவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த வில்லையின் கதை. ஊர் திரும்பும் வரை பக்கத்து நூலகத்தில் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

1861-இல் அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டது. 1865 வரை நடந்தது. போர் தொடங்கிய சில மாதங்களிலேயே பணத்துக்குத் தட்டுப்பாடு. 1861 டிசம்பர் கடைசியில் நியூயார்க் வங்கிகள், 'இனி காகித நோட்டுக்குப் பதிலாகத் தங்கம் தர மாட்டோம்' என்று கையை விரித்துவிட்டன. 1862 பிப்ரவரியில் அரசு, பின்புறம் பச்சை மையில் அச்சிட்ட நோட்டுகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் தங்கம் கிடையாது, அரசின் வாக்கு மட்டும்தான். அப்படி ஒரு நிலைமை வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கையில் இருக்கிற தங்கத்தையும் வெள்ளியையும் பானைக்குள் போட்டுப் பூட்டிவைப்பார்கள். அதுதான் நடந்தது. 1862 கோடைக்குள் வெள்ளிச் சில்லறை கடைவீதியிலிருந்து மறைந்துபோனது. பிறகு ஒரு சென்ட் காசுகூடக் கிடைக்கவில்லை.

அரை ரூபாய்க்குச் சாமான் வாங்க ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். அங்கே முதலில் வந்த பச்சை நோட்டுகளில் மிகச் சிறியதே ஐந்து டாலர். ஒரு சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சில்லறை இல்லாததால் ஜனங்கள் தபால் தலைகளைக் காசாகக் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். வெயிலில் வியர்வைபட்டால் பின்னால் இருக்கும் பசை இளகும், பையில் இருக்கும் தலைகள் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஜான் கால்ட் என்ற மனிதர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தபால் தலையை ஒரு பித்தளைச் சிமிழில் வைத்து, மேலே மெல்லிய அப்ரகத் தகட்டால் மூடி, பின்பக்கம் வியாபாரிகளின் விளம்பரத்தைப் பொறித்து விற்றார். 1862 ஆகஸ்டில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். விளம்பரக் காசு! மூளைக்காரர்தான்.

அதோடு வியாபாரிகள் தங்கள் சொந்தச் செம்பு வில்லைகளையும் அடித்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர், முடிதிருத்துபவர், மதுக்கடைக்காரர் என்று ஆளாளுக்கு ஒன்று. போர்க் காலத்தில் இப்படிப் புழங்கிய தனியார் வில்லைகள் சுமார் இரண்டரைக் கோடி இருக்கும் என்பது சேகரிப்பாளர்கள் மதிப்பீடு. நியூயார்க்கில் லிண்டன்மியூலர் என்ற மதுக்கடைக்காரர் லட்சக்கணக்கில் வெளியிட்டார். அந்த ஊரில் குதிரை இழுத்த டிராம் வண்டிக் கம்பெனி ஒன்று, பயணிகள் கொடுத்த அவருடைய வில்லைகளை மூட்டையாகச் சேர்த்துக்கொண்டு, பணம் கொடுங்கள் என்று அவரிடம் போய் நின்றதாம். அவர் முடியாது என்று சிரித்து அனுப்பிவிட்டார் என்று நாணயப் புத்தகங்கள் சொல்கின்றன.

இந்தக் கதையைப் படித்தபோது நானும் சிரித்தேன். பெரிய கம்பெனி ஏமாந்தது என்றால் நமக்கு ஒரு சந்தோஷம்தானே. ஆனால் அந்தக் கம்பெனிக்கு மறுநாள் காலையிலேயே, 'இந்த வில்லை இனி வேண்டாம்' என்று சொல்லிவிட வழி இருந்தது. முகாமில் இருந்த சிப்பாய்க்கு அப்படிச் சொல்ல வழி இல்லை.

இப்போது முகாமுக்குப் போவோம்.

சட்லர் என்பவர் ராணுவத்தின் ஆள் இல்லை. தனியார் வியாபாரி. ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒருவர் என்று அனுமதி பெற்று, படையின் பின்னாலேயே வண்டியோட்டிக்கொண்டு போய், கூடாரம் அடித்துக் கடை விரிப்பார். ராணுவம் சிப்பாய்க்குக் கொடுத்தது கல்லு மாதிரி ரொட்டி, உப்புப் போட்ட இறைச்சி, அவரை, காபி. மற்றதெல்லாம் சட்லரிடம்தான். அவர் என்னென்ன விற்கலாம் என்று 1862 மார்ச்சில் வந்த சட்டம் ஒரு பட்டியலே போட்டது. எனக்கு அந்தப் பட்டியல் மிகவும் பிடித்துப்போனது. ஆப்பிள், ஆரஞ்சு, எலுமிச்சை, வெண்ணெய், பாலாடைக்கட்டி, மெழுகுவத்தி, பொத்தான், ஊசி, நூல், பென்சில், பத்திரிகை, புகையிலை, தீப்பெட்டி, பல் துலக்கும் பிரஷ், சவர சோப்பு, செருப்புக் கயிறு, சின்ன முகக்கண்ணாடி. வீட்டை விட்டு வந்த பையனுக்கு என்னென்ன வேண்டியிருக்கும் என்று ஒரு தாய் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கிறது.

சரி, சாமான் இருக்கிறது. வாங்கப் பணம்?

சம்பள பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது ராணுவ விதி. பட்டுவாடா அதிகாரி பணப் பெட்டியோடு வந்து சேர்வது அபூர்வம். நான்கு மாதம், ஆறு மாதம் என்று பாக்கி நிற்பது சாதாரணமாக இருந்தது. கறுப்பினச் சிப்பாய்களின் நிலைமை இன்னும் மோசம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 13 டாலர் என்றால் இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54-ஆவது ரெஜிமென்ட், 'சமமாகக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம்' என்று சுமார் ஒன்றரை வருடம் சம்பளத்தையே தொடாமல் சண்டை போட்டது. 1864-இல்தான் அந்த அநியாயம் திருத்தப்பட்டது.

இப்படிக் கையில் காசில்லாத ஆயிரம் இளைஞர்கள் ஒரு பக்கம். சாமானோடு ஒரே ஒரு கடை மறுபக்கம். இந்த இடத்தில்தான் வில்லை பிறக்கிறது. சிப்பாய் சட்லரிடம் போய்ப் பற்று எழுதச் சொல்வான். சட்லர் 5, 10, 25, 50 சென்ட் வில்லைகளை எண்ணிக் கொடுப்பார். அதைக் கொண்டு அவர் கடையில் வேண்டியதை வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். அந்த வில்லைகள் பலவற்றை அடித்துக் கொடுத்தவர் ஜான் ஸ்டான்டன் என்ற அச்சு வெட்டும் தொழிலாளர் அதிபர். அவருடைய பட்டறை இருந்தது நான் நின்றுகொண்டிருந்த அதே சின்சினாட்டியில்.

இங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கணக்கை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

அரசு சிப்பாய்க்குச் சம்பளம் தர வேண்டும், தரவில்லை. சிப்பாய் சட்லரிடம் கடன் வாங்குகிறான். ஆனால் கடனாகப் பணம் கிடைக்கவில்லை, பித்தளைதான் கிடைக்கிறது. அந்தப் பித்தளைக்குச் சட்லர் சொல்லும் விலையில் சாமான். அதிகாரிகள் குழு விலை நிர்ணயிக்க வேண்டும், விலைப் பட்டியல் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் சொன்னது. பக்கத்தில் இன்னொரு கடை இல்லாத இடத்தில் பட்டியல் யாருக்குப் பயன்படும்? கடைசியில் சம்பளம் வரும்போது, அதே 1862 சட்டப்படி, சிப்பாயின் மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு வரை சட்லருக்கு முதல் உரிமை. 13 டாலரில் அது ஏறக்குறைய 2 டாலர் 16 சென்ட். சிப்பாயின் கைக்கு வருவதற்கு முன்பே அது போய்விடும்.

ஆறில் ஒரு பங்கு என்று எல்லை வைத்தது சிப்பாயைக் காப்பாற்றத்தான். அதை நான் மறுக்கவில்லை. அதற்கு மேல் எடுத்துக் கொடுத்தால் பட்டுவாடா அதிகாரியின் கணக்கில் பற்று வைக்கப்படும் என்றும் சட்டத்தில் இருந்தது. ஆனாலும் பாருங்கள், சட்லருக்கு எப்போது பணம் வரும், எவ்வளவு வரும் என்று எழுதிவைத்த சட்டத்தால், சிப்பாய்க்குச் சம்பளத்தைச் சரியான தேதியில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

சட்லர் பக்கத்தையும் சொல்லவேண்டும். அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றுதான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பலர் திட்டியிருக்கிறார்கள். இரவில் கூடாரத்துக் கயிற்றை அறுத்துவிட்டுக் கடையைச் சூறையாடியதைப் பெருமையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வியாபாரி போர்முனைக்குப் பக்கத்தில் வண்டி ஓட்டியவர். தெற்குப் படையின் மோஸ்பி என்ற தளபதியின் குதிரை வீரர்களுக்குச் சட்லர் வண்டிகளை மடக்குவது தீபாவளி மாதிரி. கடன் வாங்கின பையன் அடுத்த வாரம் குண்டடிபட்டு இறந்துபோனால் யாரிடம் போய்க் கேட்பது? விலையில் அந்த ஆபத்தும் சேர்ந்திருந்தது. நியாயமாகப் பேசினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஆபத்து இரண்டு பக்கமும் இருந்தது. ரெஜிமென்ட்டுக்கு நள்ளிரவில் உத்தரவு வந்து வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டால், அல்லது சட்லர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால், சிப்பாயின் பையில் மிஞ்சிய வில்லை வெறும் பித்தளை. அடுத்த ரெஜிமென்ட்டின் சட்லர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவன் அம்மா அதைக் கொடுத்து ஊரில் ஒரு மூட்டை மாவு வாங்க முடியாது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம். சம்பளம் என்பது, வேலை செய்தவன் எங்கே செலவழிப்பது, யாருக்குக் கொடுப்பது, செலவழிக்காமல் வைப்பதா என்று தானே முடிவுசெய்யும் உரிமையையும் சேர்த்துத்தான். வில்லை அந்த உரிமையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். 1862 ஜூலையிலேயே ஒரு சட்டம் வந்தது. ஒரு டாலருக்குக் குறைந்த மதிப்பில், பணம் போலப் புழங்குவதற்காக எந்தத் தனியாரும் நோட்டோ சீட்டோ வில்லையோ வெளியிடக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. அபராதமும் சிறையும் உண்டு. அதற்குப் பிறகும் வில்லைகள் கோடிக்கணக்கில் புழங்கின. 1864-இல் இன்னும் இரண்டு சட்டங்கள் போட்டுத்தான் தனியார் காசு அடிப்பதை ஒரு வழியாக நிறுத்தினார்கள்.

அதைவிட என்னை உறுத்தியது பின்னால் நடந்த ஒரு வழக்கு. போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, மிச்சிகன் மாநிலத்தில் பேங்கர் என்ற ஊரில் ஓர் இரும்பு உலைக் கம்பெனி 50 சென்ட் சீட்டுகளை வெளியிட்டது. 'எங்கள் கடையில் 50 சென்டுக்குச் சரக்காகத் தருவோம்' என்று அதில் எழுதியிருந்தது. 1862 சட்டப்படி குற்றம் என்று வழக்குப் போட்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1877-ஆம் ஆண்டு அமர்வில் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? அந்தச் சீட்டு தருவதாகச் சொன்னது சரக்கை, பணத்தை அல்ல, ஆகவே அது பணத்துக்குப் பதிலாக வந்ததே அல்ல, குற்றம் இல்லை.

சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். தண்டனைச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல்தான் படிக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 'சரக்கு' என்ற அந்த ஒரு சொல் செய்த வேலையைக் கவனியுங்கள். வெளியிட்டவருக்கு அது பணம் அல்ல. எனவே பணத்துக்குரிய பொறுப்பும் இல்லை. வாங்கியவருக்கு அது பணம். அதை வைத்துத்தான் அந்த மாதம் ஓட வேண்டும். ஒரே வில்லை, கொடுக்கிற கைக்கு ஒன்றாகவும் வாங்குகிற கைக்கு வேறாகவும் இருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எழுபதுகளில் நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எந்த மில் என்பது வேண்டாம். மின்வெட்டுக் காலம். பஞ்சு விலை ஒரு பக்கம், நின்றுபோன மெஷின்கள் ஒரு பக்கம். சம்பளம் தள்ளிப்போகத் தொடங்கியது. முதலில் பத்து நாள், பிறகு ஒரு மாதம். காம்பவுண்டுக்குள் மில்லுக்குச் சொந்தமான பண்டகசாலை ஒன்று இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் கிடைக்கும். 'சம்பளம் வருகிற வரை தொழிலாளர்களுக்குக் கூப்பன் கொடுப்போம், அதை வைத்து அங்கே சாமான் வாங்கட்டும், பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்' என்று நிர்வாகம் முடிவுசெய்தது. கூப்பனை அச்சடிக்க வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய். அடியில் ஒரு வரி: பொருளுக்கு மட்டும் செல்லும்.

அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் எங்கள் மேலதிகாரி. சம்பளத்தை நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்கவேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் அப்போது இருந்தது. 'இது சம்பளம் இல்லை, பொருளுக்கான முன்பணம்' என்று காட்டத்தான் அந்த வரி. சின்சினாட்டிக் கண்காட்சியில் நான் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

அன்று நான் நல்ல காரியம் செய்வதாகத்தான் நம்பினேன். யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாதே என்ற எண்ணம். அடுப்பு எரிந்ததும் உண்மைதான்.

ஒரு நாள் சாயங்காலம் ரீலிங் பிரிவில் வேலைபார்த்த ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். கையில் இருபது ரூபாய்க்குக் கூப்பன்.

"சார், பையனுக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க. மருந்துக் கடையில இதை வாங்க மாட்டேங்கறாங்க. இதை வச்சுக்கிட்டுக் காசாக் குடுங்க சார்."

"கூப்பனைக் காசாக்க ரூல் இல்லைம்மா" என்றேன்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். கேட்டுக்கு வெளியே டீக்கடைக்காரர் ஒருவர் இருபது ரூபாய்க் கூப்பனுக்குப் பதினைந்து ரூபாய் கொடுப்பார் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கூப்பன்களில் அவர் தெரிந்த தொழிலாளி மூலம் அரிசியும் எண்ணெயும் எடுப்பார். மாதக் கடைசியில் பண்டகசாலையிலிருந்து கூப்பன் கட்டுகள் என்னிடம் வரும். எண்ணி, ரத்து முத்திரை குத்தி, கணக்கில் ஏற்றுவேன். எந்தக் கூப்பன் இருபது ரூபாயாகச் செலவானது, எது பதினைந்தாகச் செலவானது என்று அதில் எழுதியிருக்காது. சம்பளத்தில் முழு இருபதைத்தான் பிடித்தோம்.

என் சட்டைப்பையில் அன்று இருபது ரூபாய் இருந்தது. ஐம்பது வருடமாக அது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பித்தளை வில்லையைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். கடைக்காரர் பேராசைக்காரரா, நல்லவரா என்பது இரண்டாவது கேள்வி. பண்டகசாலையில் எங்கள் விலை வெளியே இருந்ததைவிட ஐந்து பைசா குறைவுதான். கொள்ளை ஒன்றும் அடிக்கவில்லை. வில்லை செய்கிற உண்மையான காரியம் வேறு. சம்பளம் தராதவரை அது காப்பாற்றுகிறது. கூப்பன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முதல் மாதமே ஆயிரம் பேர் மேனேஜர் அறை வாசலில் நின்றிருப்பார்கள். எங்கிருந்தாவது கடன் வாங்கியாவது சம்பளம் போட்டிருப்பார்கள். கூப்பன் இருந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதனால் யாரும் சத்தம் போடவில்லை. அதனால் தாமதம் நீண்டுகொண்டே போனது. அமெரிக்க முகாமிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் சம்பளம் தராமல் ஒரு அரசு படையை நடத்த முடிந்தது என்றால், அந்த ஆறு மாதத்துப் பல்பொடிக்கும் புகையிலைக்கும் சட்லர் கடன் கொடுத்தார், அந்தக் கடனின் விலையைச் சிப்பாய் கொடுத்தான்.

போர் முடிந்ததும் 1866-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்லர் பதவியையே ஒழித்தது. இனி ராணுவமே சாமான்களை அசல் விலைக்குச் சிப்பாய்களுக்கு விற்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். நல்ல சட்டம். ஆனால் அது காகிதத்தோடு நின்றது. கோட்டைகளில் மறுபடியும் தனியார் வியாபாரிகளே வந்தார்கள், வேறு பெயரில். அந்த ஒரே கடை உரிமைக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று 1876-இல் ஊருக்கே தெரிந்தது. ஃபோர்ட் சில் என்ற கோட்டையின் கடை உரிமையிலிருந்து வந்த பணம் தன் வீடு வரை வந்தது அம்பலமானதும் போர்த்துறை அமைச்சர் பெல்க்னாப் பதவியை ராஜினாமா செய்தார். ஒரே கடை என்பது அமைச்சர் வரை எட்டுகிற லாபம்.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாமா? முடியாது என்பது என் கருத்து. நம் பிள்ளைகளுக்குக் கம்பெனிகள் உணவு அட்டை தருகின்றன. கடைகள் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணத்தை 'உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம்' என்கின்றன. போனுக்குள் பத்து விதமான பணப்பை. வசதிதான், நானும் உபயோகிக்கிறேன். எல்லாவற்றையும் தடைசெய்யச் சொல்லவில்லை. என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதை வேறு எங்கே கொடுக்கலாம்? வேண்டாம் என்றால் முழுப் பணமாகத் திருப்பித் தருவார்களா? இதைக் கொடுத்தவர் நாளைக்குக் கடையை மூடிவிட்டால் என் கதி என்ன? பரிசாக வந்த அட்டைக்கு இந்தக் கேள்விகள் அவ்வளவு முக்கியம் இல்லை. உழைத்த கூலிக்குப் பதிலாக வருகிற எதற்கும் மூன்றுக்கும் நேரான பதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கொடுக்கிற இடத்தில் இருந்தால் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக, கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 'ரூல் இல்லை' என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ரூலை யாருக்காக எழுதினார்கள் என்று பாருங்கள். மாதா மாதம் மேலதிகாரிக்கு அனுப்புகிற அறிக்கையில், இத்தனை ரூபாய்க்குக் கூப்பன், இத்தனை நாள் சம்பளத் தாமதம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான் கூப்பனை மட்டும்தான் எழுதினேன். தாமதத்துக்கு என் லெட்ஜரில் பத்தியே கிடையாது.

எங்கள் மில்லில் நான்காவது மாதம் சம்பளம் வந்தது. மிச்சக் கூப்பன்களை எரித்துவிடச் சொன்னார்கள். எரித்தோம். அந்தப் பெண்ணின் மகனுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கவுன்டரில் சம்பளம் வாங்கும்போது அவர் நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.